ரெஸ்ட் ரூம்னா ரெஸ்ட் எடுக்கிற ரூமா? - முட்டுக்காட்டில் ஒரு பலகைப் புராணம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். முட்டுக்காட்டுல படகு குழாமுக்குக் கொஞ்சம் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா மீன் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கான். வஞ்சிரம் வறுவலுக்குக் கூட்டம் வரும், பேரு வேணாம், விளம்பரம்னு சொல்லுவீங்க. "மாப்ள, கடைக்குப் பின்னாடி புதுசா கக்கூஸ் கட்டியிருக்கேன்டா. ஆர்ட்டிஸ்ட் அண்ணன் வந்து உக்காந்திருக்காரு. நல்ல இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் குடு. ஃபாரின்காரன்லாம் வர்ற இடம், அசிங்கமா இருக்கக்கூடாது."

என்ன எழுதணும்னு கேட்டேன். அவனே ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தான். மேல பெரிசா 'ரெஸ்ட் ரூம்'. கீழ 'கைண்ட்லி மெயின்டெயின் த ரெஸ்ட் ரூம் நீட் அண்ட் க்ளீன் அண்ட் ஹைஜீனிக்'. அதுல இங்கிலீஷ் சரியான்னு மட்டும் பார்த்துச் சொல்லணுமாம்.

நான் உடனே பதில் சொல்லலை. "பெயிண்டரை டீ குடிக்கச் சொல்லு, அரை மணியில கூப்பிடறேன்"னு வச்சுட்டேன். அந்த அரை மணி பத்து நாளாயிடுச்சு. அதுக்குக் காரணம் எங்க அத்தை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

ஆறு வருசத்துக்கு முன்னாடி, செங்கல்பட்டுலேருந்து அத்தையை முட்டுக்காட்டுக்கு அழைச்சிட்டு வந்தேன். அப்பா கூடப் பொறந்தவங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, தினமும் பேப்பரை ஒரு வரி விடாம படிப்பாங்க, தமிழ்ப் பேப்பர்தான். சக்கரை உண்டு, முட்டிவலி உண்டு. படகுல ஏறணும்னு ரொம்ப நாள் ஆசை. ஏறினாங்க, சின்னப்பிள்ளை மாதிரி தண்ணியில கைய விட்டுக்கிட்டே வந்தாங்க. அப்புறம் சாயங்காலம் அதே ரோட்டுல கொஞ்சம் ஆடம்பரமான ஒரு ஓட்டல்ல டிபன். சாப்பிட்டு முடிச்சதும் "பாத்ரூம் எங்கடா?"ன்னாங்க. நான் பில் கொடுத்துக்கிட்டு இருந்தேன். தலைய நிமித்தாமலேயே "அங்க போர்டு போட்டிருக்கு பாருங்க அத்தை"ன்னேன்.

போர்டு இருந்துச்சு. இங்கிலீஷ்ல மட்டும். ரெண்டு கதவு, ஒண்ணுல 'எம்', ஒண்ணுல 'டபிள்யூ', இரும்புக் கம்பியை வளைச்சு அழகா செஞ்சது. ஒண்ணைத் தலைகீழாப் போட்டா இன்னொண்ணு. அத்தை அங்க நின்ன பையன்கிட்ட கேட்டிருக்காங்க. அவன் வடக்கேயிருந்து வந்தவன், தமிழ் தெரியாது. கையைக் காட்டி "ரெஸ்ட் ரூம், ரெஸ்ட் ரூம்"னு இருக்கான். 'ரெஸ்ட்'ங்கற வார்த்தை அத்தைக்கு நல்லாத் தெரியும், டாக்டர் மாசாமாசம் சொல்ற வார்த்தையாச்சே. அந்த நடையில ஒரு பிரம்பு சோபா கிடந்துச்சு. பையன் தன்னை உக்காந்து இளைப்பாறச் சொல்றான்னு நினைச்சு, ரெண்டு நிமிசம் அதுல உக்காந்துட்டு, எந்திரிச்சு வந்துட்டாங்க. "போய்ட்டு வந்துட்டீங்களா?"ன்னேன். தலைய ஆட்டினாங்க. நாலு பேர் இருக்கிற மேசையில மறுபடி அதைப் பேச அவங்களுக்குக் கூச்சம்.

திருப்போரூர் தாண்டி இருட்டுல "வண்டிய எங்கயாச்சும் நிறுத்துடா"ன்னாங்க. "கொஞ்ச தூரம்தான் அத்தை, வீட்டுக்கே போயிடலாம்"னு சொன்னவன் நான்தான். அதுக்கப்புறம் அவங்க பேசலை. வீட்டு வாசல்ல இறங்கும்போது சால்வையை சீட்டு மேல போட்டு மூடிட்டு இறங்கினாங்க. மறுநாள் காலையில நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சீட்டுக் கவர் கழட்டித் துவைச்சு, கொடியில காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஓட்டல்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வருசம் கழிச்சு என் தங்கச்சிகிட்டதான் சொன்னாங்க. "ரெஸ்ட் எடுக்கிற ரூமை எனக்கு எதுக்குடி காட்டறான்?"னு. அதுக்குள்ள அவங்க வெளியூர்ப் பயணத்தையே விட்டுட்டாங்க.

அதனால, நண்பன் 'ரெஸ்ட் ரூம்'னு சொன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட வந்ததுதான் இந்தப் பதிவு. மூக்கைப் பிடிச்சுக்கிறவங்க இப்பவே பிடிச்சுக்கலாம் :-)

முதல்ல வந்த ஆச்சரியம். அத்தை அந்த வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கவே இல்லை. நூறு வருசத்துக்கு முந்தின அர்த்தத்துல புரிஞ்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அமெரிக்காவுல 19-ம் நூற்றாண்டுக் கடைசியிலயும் 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் 'ரெஸ்ட் ரூம்'னா நிஜமாவே இளைப்பாறுற அறைதான். கிராமத்து விவசாயிங்க குதிரை வண்டி கட்டிக்கிட்டுச் சந்தைக்கு வருவாங்க. ஆம்பளைங்க வியாபாரத்துக்குப் போயிடுவாங்க. கைக்குழந்தையோட வந்த பொம்பளைங்க எங்க போவாங்க? அவங்களுக்குன்னு ஊர் நடுவுல நாற்காலி, தொட்டில், குடிக்கத் தண்ணி, கூடவே கழிப்பறையும் வச்சு ஒரு இடம் கட்டினாங்க. டென்னசி மாநிலத்துல லூயிஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர். அங்க 1924-ல கட்டின 'லேடீஸ் ரெஸ்ட் ரூம்' கட்டிடம் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியல்ல இருக்கு. சின்க்ளேர் லூயிஸ் 1920-ல எழுதின 'மெயின் ஸ்ட்ரீட்' நாவல்லயும் விவசாயி மனைவிகளுக்கான ரெஸ்ட் ரூம் ஒண்ணு வரும். காலப்போக்குல நாற்காலி போச்சு, தொட்டில் போச்சு, மூலையில இருந்த கழிப்பறை மட்டும் மிஞ்சிச்சு. பேரு பழைய பேரு.

அதாவது 1924 லூயிஸ்பர்க்ல எங்க அத்தை போயிருந்தா சரியான இடத்துக்குத்தான் போயிருப்பாங்க.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். இந்த விஷயத்துல வெள்ளைக்காரனுக்கு இருந்த கூச்சம் நம்மளைவிடக் குறைச்சல் இல்லை. 1851-ல லண்டன்ல ஹைட் பார்க்ல மாபெரும் கண்காட்சி நடந்துச்சு. அங்க ஜார்ஜ் ஜென்னிங்ஸ்ங்கற குழாய் இன்ஜினியர், தண்ணி ஊத்திக் கழுவுற கழிப்பறைகளைக் காசுக்கு விட்டார். ஒரு ஆளுக்கு ஒரு பென்னி. கண்காட்சி முடியறதுக்குள்ள 8 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேல ஜனங்க காசு கொடுத்துப் போயிருக்காங்க. ஒண்ணுக்குப் போறதை 'பென்னி செலவு பண்றது'ன்னு இங்கிலீஷ்காரங்க சொல்றதுக்கு இந்தக் கதையைத்தான் மூலமாச் சொல்வாங்க.

அந்த வெற்றியைப் பார்த்து அடுத்த வருசமே, 1852-ல, லண்டன் ஃப்ளீட் தெருவுல ஆண்களுக்கு ஒண்ணும், பெட்ஃபோர்ட் தெருவுல பெண்களுக்கு ஒண்ணும் திறந்தாங்க. என்ன பேர் வச்சாங்க தெரியுமா? 'பப்ளிக் வெயிட்டிங் ரூம்'. பொதுக் காத்திருப்பு அறை! உள்ள என்ன இருக்குன்னு சொல்ல பேப்பர்ல விளம்பரம், தெருவுல நோட்டீஸ் எல்லாம் வேண்டியிருந்துச்சு. அப்படியும் ஆள் வரலை. சில மாசத்துல இழுத்து மூடிட்டாங்க. பேர் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், காசும் கூடுதல்தான். ஆனா அவசரத்துல ஓடற மனுசன் 'காத்திருப்பு அறை'ன்னு போர்டு பார்த்தா உள்ள போவானா, நீங்களே சொல்லுங்க.

'டாய்லெட்'டும் அப்படித்தான். பிரெஞ்சுல 'துவால்'னா துணி. 'துவாலெத்'னா சின்னத் துணி, அலங்கார மேசை மேல விரிக்கிறது. துணியிலேருந்து மேசைக்குப் போச்சு, மேசையிலேருந்து அலங்காரத்துக்கு, அலங்காரத்திலேருந்து அலங்கார அறைக்கு, கடைசியா அந்த அறைக்குப் பக்கத்துல இருந்த பீங்கானுக்கு. நம்ம ஊர்ல சில கட்டிடங்கள்ல 'ஒப்பனை அறை'ன்னு தமிழ்ல எழுதியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. சிரிக்காதீங்க, அது டாய்லெட்டோட நேர் மொழிபெயர்ப்பு, முந்நூறு வருசம் பழசு. 'லாவட்டரி'யும் 'லெட்ரினு'ம் லத்தீன்ல கழுவுறதுங்கற வேர்லேருந்து வந்தது. ஆகமொத்தம் ஐரோப்பாக்காரன் அந்த இடத்துக்கு அந்த இடத்தோட பேரை வச்சதே இல்லை. துணின்னான், கழுவுற இடம்னான், காத்திருப்புன்னான், இளைப்பாறல்னான்.

ஸ்டீவன் பிங்கர்னு ஒரு மொழியியல்காரர் 1994-ல நியூயார்க் டைம்ஸ்ல இதைப் பத்தி எழுதினார். ஒரு அசிங்கமான விஷயத்துக்கு நாசூக்கா ஒரு பேர் வைப்போம். கொஞ்ச நாள்ல விஷயத்தோட நாத்தம் அந்தப் பேர்லயும் ஒட்டிக்கும். உடனே வேற பேர். ஜிம்ல ட்ரெட்மில் மேல ஓடற மாதிரி, ஓடிக்கிட்டே இருப்போம், இடம் நகராது. நம்ம வாழ்க்கையிலயே இதைப் பார்த்தாச்சு. என் சின்ன வயசுல 'லெட்ரின்'. பள்ளிக்கூடத்துல 'பாத்ரூம்'. காலேஜ்ல 'டாய்லெட்'. வேலைக்குப் போனா 'ரெஸ்ட் ரூம்'. இப்ப பசங்க 'வாஷ் ரூம்'ங்கறாங்க. இதுல 'பாத்ரூம்' மட்டும் தமிழ்ல ஒரு தனிச் சாதனை பண்ணிச்சு. "பாத்ரூம் வருது"ம்போம். நாம அறைக்குப் போறதில்லை, அறை நம்மளைத் தேடி வருது!

இங்க ஒரு விஷயம். நாசூக்கு வார்த்தை, தெரிஞ்சவங்களுக்குள்ள பேசிக்கிறதுக்குச் சரி. வீட்டுல "கொல்லைக்குப் போயிட்டு வரேன்"னா எல்லாருக்கும் புரியும். பலகை அப்படி இல்லை. பலகை முன்னபின்ன தெரியாத ஆளோட பேசுது. தெரியாத ஆள்கிட்ட ஜாடையாப் பேசினா எப்படி?

ஜாடையாப் பேசினதுல உச்சம்னா அது நம்ம ஊர்ச் சுவர்கள்ல வெள்ளைக்காரன் எழுதி வச்ச 'கமிட் நோ நியூசன்ஸ்'தான். லண்டன் சந்துகள்ல விக்டோரியா காலத்துல எழுதினதைத் தூக்கிட்டு வந்து கல்கத்தா, மெட்ராஸ்னு எல்லாச் சுவர்லயும் எழுதினாங்க. 'தொந்தரவு இழைக்காதே'ன்னு அர்த்தம். சுவத்துல ஒண்ணுக்கு அடிக்காதேன்னு சொல்ல வந்ததுக்கு இவ்ளோ சுத்து. இங்கிலீஷ் படிச்ச வக்கீலுக்கே ரெண்டு தடவை யோசிச்சாத்தான் புரியும். அந்தச் சுவர் ஓரமா ஒதுங்கினவன் பாவம் யாரு? ரிக்‌ஷாக்காரன், மூட்டை தூக்கறவன், கிராமத்துலேருந்து கோர்ட்டுக்கு வந்தவன். அவனுக்குப் புரியாத பாஷையில எழுதிட்டு, மீறினா பிடிக்கிறதுக்குச் சட்டம் வேற. 1889-ல மெட்ராஸ் மாகாணத்துல நகரத் தொல்லைகள் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. இன்னிக்கும் நம்ம பேச்சுல 'நியூசன்ஸ் கேஸ்'னு ஒரு வார்த்தை ஓடுதே, அது அந்த வம்சம்தான். அந்தப் பலகை ஒதுங்காதேன்னு சொல்லுச்சு, எங்க ஒதுங்கறதுன்னு சொல்லவே இல்லை.

இதுக்கு நேர் எதிரா ஒரு ஆள். ஓகில் சந்திர சென்னு ஒரு வங்காளி. 1909-ல ரயில்வே அதிகாரிக்கு ஒரு கடுதாசி போட்டார். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, அகமத்பூர் ஸ்டேஷன்ல இறங்கி ஒதுங்கப் போயிருக்கார். கார்டு விசில் ஊதிட்டான். ஒரு கையில சொம்பு, ஒரு கையில வேட்டி, ஓடி வந்து பிளாட்பாரத்துல எல்லார் முன்னாடியும் விழுந்துட்டார். ரயில் போயிடுச்சு. கடுதாசி முழுக்கத் தப்பும் தவறுமான இங்கிலீஷ். ஆனா ஒரு வரி கூடப் புரியாம போகாது. டெல்லி ரயில் மியூசியத்துல அந்தக் கடிதத்தைக் காட்சிக்கு வச்சிருந்தாங்க. கீழ்வகுப்புப் பெட்டிகள்ல கழிப்பறை வந்ததுக்கு அந்தக் கடிதம்தான் காரணம்னு சொல்வாங்க. இன்னிக்கு வரைக்கும் அவர் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிக்கிறவங்க உண்டு. எனக்கென்னவோ, 'கமிட் நோ நியூசன்ஸ்' எழுதின துரையைவிட ஓகில் பாபுவுக்கு நல்ல இங்கிலீஷ் தெரிஞ்சிருந்ததுன்னுதான் தோணுது.

சரி, வெள்ளைக்காரனையே திட்டிக்கிட்டு இருந்தா எப்படி, நம்ம கதைக்கு வருவோம்.

மறைச்சுப் பேசறதுக்கு இலக்கணமே எழுதினவங்க நாம. இடக்கரடக்கல்! ஒன்பதாவதோ பத்தாவதோ படிச்சிருப்பீங்க. பவணந்தி முனிவர் 13-ம் நூற்றாண்டுல எழுதின நன்னூல்ல தகுதி வழக்குன்னு மூணு சொல்வார். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இடக்கரடக்கலுக்குத் தமிழய்யாக்கள் சொல்ற உதாரணம் 'கால் கழுவி வந்தேன்'. (எங்க வகுப்புல அய்யா இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சுல ஒருத்தன் "கால் மட்டுமா அய்யா?"ன்னு கேட்டு வெளியில நின்னான். அவன்தான் இந்த மீன்கடை ஓனர்.) தொல்காப்பியமும் அவைக்கு ஆகாத சொல்லை 'அவையல் கிளவி'ன்னு சொல்லி மறைச்சுச் சொல்லச் சொல்லுது. ஆனா கவனிங்க, அவை. நாலு பேர் கூடியிருக்கிற சபைக்குச் சொன்ன விதி. வழி தேடி வந்தவனுக்குக் காட்டுற பலகைக்கு இல்லை.

'கழிப்பறை'யில இருக்கிற கழியும் நாசூக்கு வார்த்தைதான். பொழுது கழியும், ஆண்டு கழியும், கணக்குல கழித்தல் உண்டு, துணிக்கடையில ஆடிக் கழிவு உண்டு. போறது, நீங்கறது, அவ்வளவுதான் அர்த்தம். இதுல முட்டுக்காட்டுக்காரங்களுக்கு ஒரு விசேஷம். அங்க படகு விடுறாங்களே, கடல் தண்ணி உள்ள வந்து தேங்குற அந்த நீர்ப்பரப்புக்கும் பேர் கழிதான். உப்பங்கழி. கழி கடலோட சேர்ற இடம் கழிமுகம். நெய்தல் நிலத்தைப் பாடின சங்கப் புலவர்கள் வாய்க்கு வாய் சொன்ன வார்த்தை. பெயிண்டர் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "அப்ப மொத்த ஊரும் கழிப்பறைங்கறீங்களா சார்?"னு கேட்டுட்டாரு. அவ்வ்வ்.

'கழிவறை'யா 'கழிப்பறை'யான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. என் ஓட்டு கழிப்பறைக்கு. கழிக்கிற அறை கழிப்பறை, கழிவைப் போட்டு வைக்கிற அறை கழிவறை. மனுசன் போற இடத்துக்கு முதல் பேர்தான் பொருத்தம். ஈழத்து நண்பர்கள் இந்தச் சண்டைக்கே வர்றதில்லை. 'மலசலகூடம்'னு பச்சையா எழுதிட்டுப் போயிட்டே இருப்பாங்க. மலம், சலம், கூடம். ஒளிவுமறைவே கிடையாது. முதல் தடவை பார்த்தப்ப எனக்குச் சங்கடமா இருந்துச்சு. இப்ப யோசிச்சா, எழுதினவன் வாசிக்கிறவனை மதிச்சிருக்கான்னு படுது.

அப்புறம் நம்ம 'கக்கூஸ்'. இதை அசல் தமிழ்க் கொச்சைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். டச்சு! 'காக்ஹவுஸ்'னு உச்சரிக்கிற 'கக்க' வீடு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எங்கெல்லாம் கால் வச்சதோ அங்கெல்லாம் இந்த வார்த்தையை விட்டுட்டுப் போயிருக்கு. இந்தோனேசியாவுல 'காகுஸ்'. சிங்களத்துல 'கக்குஸ்ஸி'. மலையாளத்துல 'கக்கூஸ்'. நம்ம கரையில பழவேற்காடு, நாகப்பட்டினம், அப்புறம் சதுரங்கப்பட்டினம். முட்டுக்காட்டுலேருந்து அதே ரோட்டுல தெற்கால நாப்பது கிலோமீட்டர் போல போனா, கல்பாக்கத்துக்குப் பக்கத்துல கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு செங்கல் கோட்டை நிக்குமே, அதான். அங்கேருந்து துணி ஏத்தினாங்க. 1824 ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஊரை இங்கிலீஷ்காரன்கிட்ட கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. கோட்டைக்குள்ள கல்லறைகள் இருக்கு. கல்லு வேலைப்பாடு பார்க்கப் பார்க்க அழகு. அவங்க பாஷையில நம்ம ஜனங்க தினமும் வாயில வச்சிருக்கிற வார்த்தைகள்ல ஒண்ணு இதுங்கறது, பாவம், அவங்க எதிர்பார்த்த புகழா இருக்காது.

இந்தக் கக்கூசுக்கு முன்னாடி ஒரு அடைமொழி உண்டு. 'எடுப்புக் கக்கூஸ்'. சின்னப் பசங்களுக்குத் தெரியாது. தண்ணி ஊத்திக் கழுவறது இல்லை. ஒரு மனுசன், பெரும்பாலும் ஒரு பொம்பளை, வந்து கையால எடுக்கணும். அதான் எடுப்பு. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா போயிருக்கீங்களா? 1996-ல திறந்தது. தென்னிந்தியப் பழைய வீடுகளைக் கல்லு கல்லாப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டி வச்சிருக்காங்க. முற்றம், திண்ணை, மரத்தூணுன்னு பார்த்துக்கிட்டே இருக்கலாம். அந்த மாதிரி வீடுகள்ல கழிப்பறை வீட்டுக்குள்ள கிடையாது. கொல்லைக் கடைசியில இருக்கும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. நிறைய ஊர்ல கொல்லைக்குப் பின்னால ஒரு சந்து ஓடும். எடுக்க வர்றவங்க வாசல் பக்கம் வரக்கூடாதுன்னு தனி வழி. அந்தச் சந்துக்குப் பலகை எதுவும் வேண்டியிருக்கலை. யார் போகணும், யார் போகக்கூடாதுன்னு பொறக்கும்போதே எழுதியாச்சு.

இதுக்கும் இங்கிலீஷ்காரன் நாசூக்குப் பேர் வச்சான். அள்ளுற மலத்துக்கு 'நைட் சாயில்', ராத்திரி மண். அள்ளுற இலாகாவுக்கு 'கன்சர்வன்சி', பாதுகாப்பு இலாகா மாதிரி. நாமளும் விடலை. துப்புரவுத் தொழிலாளின்னோம், 2020-ல தமிழ்நாட்டு அரசு 'தூய்மைப் பணியாளர்'னு மாத்துச்சு. பேர் நல்ல பேர்தான், நான் குறை சொல்லலை. ஆனா கையால மலம் அள்ளுறதைத் தடுக்க 1993-ல ஒரு சட்டம், அது போதாம 2013-ல இன்னொரு சட்டம். அதுக்கு அப்புறமும் 2017-ல திவ்யபாரதி 'கக்கூஸ்'னு ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டியிருந்துச்சு. அந்தப் படத்துக்கு வேற எந்த நாசூக்குப் பேரும் பொருந்தியிருக்காது.

பொதுக் கழிப்பிடப் பலகைகளோட சமீபத்துக் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பிந்தேஷ்வர் பாடக் 1970-ல சுலப் அமைப்பைத் தொடங்கி, 1974-ல பாட்னாவுல காசு கொடுத்துப் போற கழிப்பிடம் திறந்தார். 'பே அண்ட் யூஸ்'ங்கற இங்கிலீஷ் நாடு பூரா பரவிச்சு. நம்ம பஸ் ஸ்டாண்டுகள்ல அது 'கட்டணக் கழிப்பிடம்' ஆச்சு. 2000-களோட தொடக்கத்துல கிராமங்கள்ல பெண்களுக்குன்னு 'சுகாதார வளாகம்' கட்டினாங்க. பேர்ல கழிப்பறைங்கற சொல்லே இல்லை பாருங்க. அதுக்கு ஒரு பத்து வருசம் கழிச்சுத் தாம்பரத்துல 'நம்ம டாய்லெட்'னு வந்துச்சு. எனக்குப் பிடிச்ச பேர் அது. 'நம்ம'வும் புரியும், 'டாய்லெட்'டும் புரியும். முட்டுக்காட்டை ஒட்டின கோவளம் கடற்கரைக்கு 2021-ல நீலக்கொடி கிடைச்சுது, கேள்விப்பட்டிருப்பீங்க. டென்மார்க்லேருந்து தர்ற அந்தச் சான்றுக்கு 33 விதி, அதுல சுத்தமான கழிப்பறையும் அடக்கம்.

படம் போட்டா எழுத்தே வேண்டாமேன்னு சிலர் சொல்றாங்க. உலகம் பூரா ஏர்போர்ட்ல இருக்கே, ஒரு ஆள், பாவாடை மாதிரி முக்கோணம் வச்ச இன்னொரு ஆள், அந்தப் படங்கள் 1974-ல அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக வரைஞ்ச வரிசையில உள்ளது. ரோஜர் குக், டான் ஷனோஸ்கின்னு ரெண்டு பேர் வரைஞ்சாங்க, முதல் வரிசையில 34 படம். அதுக்கு முன்னாடியே 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல ஜப்பான்காரங்க இதைச் செஞ்சு பார்த்தாங்க. ஜப்பானிய மொழி தெரியாம வர்ற கூட்டத்துக்கு வேற வழியில்லை. நல்ல யோசனைதான். ஆனா எங்க அத்தை சேலை கட்டறவங்க. அந்த முக்கோணத்தைக் காட்டி இது யாருன்னு கேட்டேன். "யாரோ குடை பிடிச்சிருக்கான்"னாங்க. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு ஆர்ட்டிஸ்டுங்க மீசை வச்ச ஒரு முகம், பொட்டும் கொண்டையும் வச்ச ஒரு முகம் வரைவாங்களே, அதுல யாரும் தடுமாறினதில்லை.

ஆக, பத்து நாள் கழிச்சு நேர்ல போனேன். நண்பனுக்கு 'ரெஸ்ட் ரூமை' விட மனசே இல்லை. "டாய்லெட்னு எழுதினா மட்டமா இருக்குடா"ங்கறான். லண்டன்ல போய்ப் பாரு, அங்க பலகையில 'டாய்லெட்ஸ்'தான்னேன். அப்படியான்னு அரைமனசா இறங்கி வந்தான். இங்கிலீஷ்காரனுக்கும் இயல்பா இருக்கணும், செங்கல்பட்டுக் கிழவிக்கும் புரியணும்னா அந்த வார்த்தைதான், அது தமிழாகி ரொம்ப நாளாச்சு. 'நீட் அண்ட் க்ளீன் அண்ட் ஹைஜீனிக்' மூணையும் அடிச்சுட்டேன். உள்ள வாளியும் மக்கும்தான், இழுக்கிற சங்கிலி இல்லை. அதனால 'ப்ளீஸ் ஃப்ளஷ்'ஷும் பொய். தமிழ்ல 'தண்ணீர் ஊற்றவும்', அதையே இங்கிலீஷ்ல ஒரு சின்ன வரி. குப்பைத்தொட்டியில 'யூஸ் மீ' எழுதணும்னு அடம் பிடிச்சான், அது போகட்டும்னு விட்டுட்டேன்.

மேல தமிழ்ல பெரிசா 'கழிப்பறை'. கீழ இங்கிலீஷ்ல. கதவுல 'ஆண்கள்', 'பெண்கள்', கூட மீசையும் பொட்டும். ரோட்டுப் பக்கத்துலேருந்தே தெரியற மாதிரி ஒரு அம்பு. ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல. ஃப்ளெக்ஸ் வந்ததுக்கு அப்புறம் கையால எழுத யாரும் கூப்பிடறதில்லையாம். பொட்டு வச்ச முகத்துக்கு மூக்குத்தி வேணுமான்னு அவரே கேட்டு, அவரே வச்சாரு.

போட்டோ எடுத்து அத்தைக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். போன் பண்ணி, பேப்பர் வாசிக்கிற குரல்ல வரிசையா வாசிச்சாங்க. "கழிப்பறை. பெண்கள். தண்ணீர் ஊற்றவும்." கொஞ்சம் நிறுத்தி, "உள்ள பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கக் கம்பி கிம்பி வச்சிருக்கானா கேளு. முட்டி மடங்க மாட்டேங்குது"ன்னாங்க.

இல்லை. நண்பன்கிட்ட சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டான், புது டைல்ஸை ஓட்டை போடணுமேன்னு. நேத்து பிளம்பர் வந்துட்டுப் போயிருக்கார், அடுத்த வாரம் கம்பி வந்துடும்.

டிஸ்கி: மதுரைப் பக்கம், கொங்கு நாடு, நாஞ்சில் நாடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலேசியா மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்க இதுக்கு என்ன வார்த்தை சொன்னாங்கன்னு எழுதுங்க. வெக்கப்படாம எழுதலாம், இடக்கரடக்கல் இந்தப் பக்கத்துல செல்லாது :-)